நிச்சயதார்த்த மோதிரத்துக்கு நன்கு பட்டை தீட்டிய வைரத்தை எப்படி அடையாளம் காண்பது?

எடை, நிறம், தெளிவு, பட்டை ஆகிய நான்கில் பட்டைக்கே முதலிடம் கொடுங்கள் என்பேன். வைரம் ஒளியை மிகவும் வளைக்கும் (அதன் ஒளிவிலகல் எண் 2.42); அதனால் கல்லின் அடிப்பக்கத்துப் பட்டைகள் சரியான சாய்வில், வட்ட வைரமானால் ஏறத்தாழ 41 பாகையில், அமைந்தால்தான் மேலே நுழையும் ஒளி கீழே கசியாமல் உள்ளேயே பிரதிபலித்து நம் கண்ணுக்குத் திரும்பி வரும். ஆழம் மிகக் குறைந்த கல்லை நேர் மேலிருந்து பார்த்தால் உள்ளே சாம்பல் நிற வளையமொன்று தெரியும். மிக ஆழமான கல்லின் நடுப்பகுதி இருண்டிருக்கும், அதோடு எடையெல்லாம் அடியில் ஒளிந்துகொள்வதால் ஒரு காரட் கல்கூடச் சிறிதாகத் தோன்றும்.

வைரங்களைத் தரம் பிரிக்கும் அமெரிக்க ரத்தினவியல் நிறுவனமான ஜி.ஐ.ஏ.வின் சான்றிதழில் வட்ட வைரத்தின் பட்டைத்தரம் ‘எக்ஸலன்ட்’ என்றிருப்பது நல்ல தொடக்கம்தான். ஆனாலும், கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும் என்பதால், சன்னலோரத்து மென்மையான வெளிச்சத்தில் கல்லை மெல்ல அசைத்து, வெளிச்சமும் நிழலும் முழுப்பரப்பிலும் சீராக மாறிமாறி வருகின்றனவா என்று பொறுமையாகப் பாருங்கள்.