ஏ பி சி டி தெரியுது, ‘பென்’ படிக்க வரலை, ஃபோனிக்ஸ் கிளாஸ்ல போடணுமா?

கேள்வி: பையனுக்கு நாலரை வயசு, யூ.கே.ஜி. ஏ-லேர்ந்து இசட் வரைக்கும் எழுதுறான், ஆனா ‘பென்’னு கூட்டிப் படிக்க வரலை. பக்கத்துல ஒரு சென்டர்ல மூணு லெவல் ஃபோனிக்ஸ்னு (எழுத்தோட சத்தத்தைக் கூட்டிப் படிக்கிற முறையாம்) ஒரு வருஷ ஃபீஸை மொத்தமா கேக்குறாங்க. கட்டலாமா?

பதில்: கட்டாதீங்கம்மா. அவனுக்குத் தெரிஞ்சது எழுத்தோட பேரு. பீ, ஈ, என்னு பேரைக் கூட்டினா ‘பென்’ எப்படி வரும்? சத்தத்தைக் காதால பிரிக்கத் தெரியணும், அதுக்குப் புக்கு, ஃப்ளாஷ் கார்டு எதுவும் வேணாம், ஸ்கூலுக்கு வண்டில போறப்ப கூட செய்யலாம். முதல்ல வார்த்தையைக் கைதட்டிப் பிரிங்க, தக்-கா-ளி. அப்புறம் “மீன், மூக்கு, மாடு, மூணுக்கும் முதல் சத்தம் என்ன?” ம், ஸ் மாதிரி இழுக்க முடியுற சத்தத்துல ஆரம்பிச்சா சுலபம். அது பிடிபட்டதும் ‘க்... ஆ... ல்’னு விட்டு விட்டுச் சொல்லி என்ன வார்த்தைன்னு கேளுங்க, க்-ஐ எடுத்துட்டு ப் போட்டா? பால். தமிழ்ல விளையாடினா இங்கிலீஷுக்கு உதவுமான்னு கேப்பீங்க, உதவும், பழகுறது காதுதானே. அப்புறம் பி, ஈ, என் எழுத்துக்கு என்ன சத்தம்னு காட்டினா போதும்.

சென்டர்காரங்க நிறைய பேர் பண்ற கூத்து என்னன்னா ‘ப... எ... ன’னு சொல்லிக்குடுத்துடுவாங்க, புள்ளை அதைக் கூட்டி ‘பஎன’ங்கும். நம்மகிட்டதான் புள்ளி வெச்ச எழுத்து இருக்கே, ப்-னு வாயை மூடித் திறந்து நிறுத்துங்க, பின்னாடி அ ஒட்ட விடாதீங்க. 2000-ல அமெரிக்காவுல வந்த நேஷனல் ரீடிங் பேனல் (படிக்கச் சொல்லிக்குடுக்குறதைப் பத்தின ஆராய்ச்சிகளை அலசின நிபுணர் குழு) அறிக்கைல, மொத்தமே 5-லேர்ந்து 18 மணி நேரம் இந்தச் சத்தப் பயிற்சி குடுத்த இடத்துலதான் பலன் அதிகம்னு இருக்கு, மொத்தமே! இவங்க லெவல் மூணுங்கறாங்க, கூடவே சர்ட்டிஃபிகேட்டு, பட்டமளிப்பு கவுன் வாடகை வேற. சில இடத்துல நாலு வயசுக்கே ‘டிஸ்லெக்சியா டெஸ்ட்’னு பயமுறுத்தி இன்னொரு பில் போடுறாங்க, படிக்கவே சொல்லிக்குடுக்காத புள்ளைக்குப் படிப்புக் குறைபாடாம். ஸ்கூலாவது காப்பாத்துமான்னா அங்க எல்.கே.ஜி.லயே பக்கம் பக்கமா எழுத்து ஹோம்வொர்க், காதைப் பத்தி ஒருத்தருக்கும் கவலை இல்ல.

ஒண்ணே ஒண்ணு மட்டும் கவனிங்க. அடிக்கடி சளி பிடிக்குமா, டிவி சவுண்ட கூட்டி வெக்கிறானா, பின்னாடிலேர்ந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறானா? சளியால காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டா சத்தம் மங்கலாத்தான் கேக்கும், காது வலி இருக்கணும்னு கூட இல்ல, அதனால வீட்டுல தெரியவே தெரியாது, ‘சொல் பேச்சு கேக்க மாட்டேங்குறான்’னு அடி வாங்கிட்டிருப்பான். அப்படி இருந்தா முதல்ல ஈ.என்.டி. டாக்டர்கிட்ட காட்டி காது டெஸ்ட் எடுங்க, விளையாட்டெல்லாம் அப்புறம்.