தேக்கு கருகுவது ஃபீட் குறைவதால்தான்

சிஎன்சி ரூட்டரில் (கணினி சொல்படி சுழலும் பிட்டை நகர்த்தி மரம் வெட்டும் மெஷின்) தேக்கில் எழுத்து வெட்டும்போது ஓரம் கருகுகிறது, ஃபீடை, அதாவது பிட் நகரும் வேகத்தை, நிமிடத்துக்கு 600 மி.மீ.யிலிருந்து 400-க்குக் குறைத்தும் இன்னும் மோசம் என்று எழுதியிருக்கிறீர்கள். குறைத்ததுதான் வினை. உங்களுடையது 6 மி.மீ. பிட், இரண்டு வெட்டுமுனை, 24,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று); ஆக நிமிடத்துக்கு 48,000 வெட்டு. 400-ஐ 48,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு முனை ஒரு சுற்றில் எடுப்பது 0.008 மி.மீ. அது வெட்டே இல்லை, உரசல். சீவலோடு வெளியே போகவேண்டிய சூடு பிட்டிலேயே தங்கிவிடுகிறது.

ரூட்டரின் சுழற்சியை 12,000 ஆர்பிஎம்முக்கு இறக்கி, ஃபீடை 1,200-க்கு ஏற்றுங்கள். ஒரு முனைக்கு 0.05 மி.மீ. வரும், ஆரம்பிக்க அது நல்ல அளவு. ஒரு பாஸுக்கு (ஒரு தடவை ஓட்டுவதற்கு) ஆழம் 1.5 மி.மீ. போதும். மெஷினை நிறுத்திவிட்டு, விழுந்ததை விரலில் எடுத்துப் பாருங்கள். மாவு மாதிரி இருந்தால் ஃபீட் இன்னும் ஏறலாம். சின்னச் சின்னச் செதிலாக இருந்தால் சரி. கேன்ட்ரி (ரூட்டரைத் தாங்கி நகரும் சட்டம்) அதிர்ந்தால் முதலில் ஆழத்தைக் குறையுங்கள், ஃபீடைத் தொடாதீர்கள்.

அப்புறம், கருகிய அந்தப் பிட்டை இனி நம்பவேண்டாம். தேக்கில் சிலிக்கா உண்டு, முனையைச் சீக்கிரம் மழுக்கிவிடும். புது கார்பைடு பிட்டைப் போட்டு, வேண்டாத துண்டில் ஓட்டிப் பாருங்கள். கருகல் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். சூடான தூள் வாக்யூம் பைக்குள் போனால் தீப்பிடிக்கலாம்.