மூளையைப் பார்த்துச் செய்கிற சிப்: மலையகத்து மக்கள் கேட்டவை

சிப் வடிவமைப்பில் வேலை பார்ப்பவன் என்பதால், மூளை இயங்கும் விதத்தைப் பின்பற்றிச் செய்கிற கணினிச் சிப் பற்றிய இந்தக் கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, இப்போதுள்ள கொம்பியூட்டரே வேகம்தானே? மூளை மாதிரி இன்னொன்று எதற்கு? (தலவாக்கலை)

வேகம் இல்லை தம்பி, கரண்ட்தான் பிரச்சினை. தேயிலைக் கொழுந்து மேலே மலையில், ஆலை கீழே. ஒவ்வொரு கிலோவுக்கும் லொறி தனியாக ஏறி இறங்கினால் டீசல் காசு ஆலைச் செலவைத் தாண்டிவிடும். கணினியிலும் நினைவகம் ஒரு பக்கம், கணக்குப் போடும் பகுதி இன்னொரு பக்கம். இரண்டு எண்களைக் கூட்டுவதைவிட, அவற்றை நினைவகத்திலிருந்து கொண்டுவரத்தான் பல மடங்கு மின்சாரம் போகிறது. மூளையில் இந்த லொறியே கிடையாது. நரம்பணுக்கள் இணையும் இடத்திலேயே நினைவும் இருக்கிறது, வேலையும் நடக்கிறது. சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருந்தும் செலவு 20 வாட் அளவுதான்.

ஸ்பைக் என்றால் என்ன? (பண்டாரவளை)

சாதாரண சிப்பில் கடிகாரத் துடிப்பு உண்டு. தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூப்பிட, தப்பு மேளம் அடிக்கிற மாதிரி, அடி விழுந்தால் எல்லோரும் எழும்ப வேண்டும். நரம்பணு அப்படியில்லை. வருகிற சமிக்ஞைகளைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். ஓர் அளவைத் தாண்டியதும் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு அடங்கிவிடும். அதுதான் ஸ்பைக். துடிப்பு வராத பகுதி சும்மா கிடக்கும், கரண்டும் மிச்சம். ஐபிஎம் 2014இல் வெளியிட்ட ட்ரூநார்த் சிப்பில் 10 லட்சம் செயற்கை நரம்பணுக்கள். சுமார் 70 மில்லிவாட்டில் ஓடியது.

இதை யார் தொடங்கியது? (ஹட்டன்)

1980களில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கார்வர் மீட். அவருடைய மாணவி மிஷா மஹோவால்ட் விழித்திரையைப் போல இயங்கும் சிப் செய்தார். அவரை ஏனோ பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்போ மூளையையே செய்துவிடுவார்களா தம்பி? மகன் பயமுறுத்துகிறான். (நுவரெலியா)

இல்லை அக்கா. இன்டெல் 2024இல் காட்டிய ஹலா பொயின்ட் இயந்திரத்தில் 115 கோடி செயற்கை நரம்பணுக்கள், அதிகபட்சம் 2,600 வாட். நம் தலைக்குள் இருக்கும் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் அதைப் போல 70 மடங்குக்கு மேல். எண்ணிக்கையைவிடப் பெரிய சிக்கல் பழக்குவது. இன்றைய செயற்கை நுண்ணறிவு பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தித்தான் கற்கிறது. ஸ்பைக்கோ வரும், அல்லது வராது, இடையில் ஒன்றுமில்லை. அதனால் அந்தக் கணிதம் நேரடியாகப் பொருந்துவதில்லை, சுற்றுவழிகள் தேட வேண்டியிருக்கிறது.

மண்சரிவு எச்சரிக்கைக்கு உதவுமா? (பொகவந்தலாவை)

உதவலாம் என்பது என் எண்ணம். நாள் முழுக்கச் சும்மா இருந்து, மண் அதிர்ந்தால் மட்டும் விழிக்கிற கருவி சின்ன பற்றரியில் நீண்ட காலம் ஓடும். ஆனால் வெறும் மழையளவு பார்க்க இது வேண்டாம், மழைமானியே போதும். இப்போதைக்கு அதைப் பாருங்கள்.