எரிச்சலுக்கு மூன்று வருடம்

கேள்வி: முகநூலில் ஆளாளுக்குத் தோன்றியதையெல்லாம் எழுதி எரிச்சலூட்டுகிறார்கள். கருத்துச் சுதந்திரம் என்ற பெயரில் இதையெல்லாம் அனுமதிக்கத்தான் வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

பதில்: எரிச்சலைப் பற்றி என்னிடமா கேட்கிறீர்கள்? காலையில் போனைத் திறந்தால் ரோஜாப்பூவோடு ஓர் 'இனிய காலை வணக்கம்'. எரிச்சல். 'வாழ்த்துகள்' சரியா, 'வாழ்த்துக்கள்' சரியா என்று தீபாவளிக்குத் தீபாவளி நடக்கும் பஞ்சாயத்து. பெரிய எரிச்சல். எல்லாவற்றுக்கும் மேலே, தங்கள் பெயருக்கு முன்னால் தாங்களே 'கவிஞர்' என்று போட்டுக்கொள்கிறவர்கள். இவர்களைப் பற்றி இதே பக்கத்தில் எழுதப்போய், ஒரு கவிஞர் சந்தாவை நிறுத்திவிட்டார். நிறுத்தியவர் சும்மா இருந்தாரா? நிலா, மழை, அம்மா மூன்றையும் முறைவைத்து தினம் ஒரு கவிதை எழுதி, என்னையும் சேர்த்து ஒரு ஊரையே டேக் செய்கிறார். கீழே 'அருமை', 'அருமை ஐயா', 'அருமை அருமை' என்று வந்து விழும். ஒவ்வொன்றுக்கும் என் போன் டிங் என்னும். நள்ளிரவில் நிலாக் கவிதைக்குத் துபாயிலிருந்து யாரோ 'சிறப்பு' என்பார். நான் பதறி எழுந்து உட்காருவேன்.

இவரை உள்ளே தள்ள ஒரு காலத்தில் சட்டமே இருந்தது சார். தகவல் தொழில்நுட்பச் சட்டம், பிரிவு 66ஏ. 2009-இல் அமலுக்கு வந்தது. எரிச்சலோ அசௌகரியமோ உண்டாக்குவதற்காகக் கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஒன்றை அனுப்பினால் மூன்று வருடம் வரை சிறை என்கிற ரீதியில் போகும்.

மாட்டியது யார்? கவிஞரா? 2012 நவம்பரில் சிவசேனா தலைவர் பால் தாக்கரே இறந்து மும்பை அடைத்துக் கிடந்தபோது, இந்தக் கடையடைப்பு எதற்கு என்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் ஓர் இளம்பெண் முகநூலில் எழுதினார். தோழி அதற்கு லைக் போட்டார். இரண்டு பேரும் கைது. எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திய கிளினிக்கையும் அடித்து நொறுக்கினார்கள். அதே வருடம் மம்தா பானர்ஜியைக் கேலிசெய்த படத்தை மின்னஞ்சலில் ஃபார்வேர்ட் செய்ததற்காகக் கொல்கத்தாவில் ஒரு பேராசிரியரும், அப்போதைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காகப் புதுச்சேரியில் ஒரு தொழிலதிபரும் கைதானார்கள். எரிச்சல்பட்டதெல்லாம் பெரிய இடம், கவனித்தீர்களா? உங்களுக்கும் எனக்கும் எரிச்சல் வந்தால் ஸ்டேஷனில் ஏட்டையா பேனாவைக்கூடத் திறக்க மாட்டார்.

2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை ரத்து செய்தது. எது எரிச்சல் என்பது ஆளுக்கு ஆள் மாறும், அதற்கு எல்லையே கிடையாது என்பது தீர்ப்பில் முக்கியமான காரணம். அதற்கு அப்புறமும் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. 2021-இல் இதைக் கேள்விப்பட்டு நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள்.

அவதூறு, கொலை மிரட்டல் இதற்கெல்லாம் தனிச் சட்டம் இருக்கிறது. அதற்குப் போலீஸுக்குப் போங்கள், நானும் கூட வருகிறேன். மற்றபடி அனுமதிக்க நீங்கள் யார், நான் யார்? 'அனுமதி' என்று எழுதும்போதே உங்கள் கை பிரம்பைத் தேடுகிறது.

பெரிய இடத்து எரிச்சல் முகநூல் வரும்வரை காத்திருக்கவும் இல்லை. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஒருவர் கேட்கிறார். ஜேப்படிக்காரர் மாதிரி இருப்பவர் எம்.எல்.ஏ., முகமூடிக் கொள்ளைக்காரர் மாதிரி இருப்பவர் மந்திரி என்கிற அர்த்தத்தில் பதில் வருகிறது. அவ்வளவுதான். அவையின் உரிமையை மீறிவிட்டார் என்று சொல்லி, ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. ஊரே கொந்தளித்ததும் மூன்றே நாளில் வெளியே விட்டார்கள். அவர் விடவில்லை. கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். இழப்பீடு ஆயிரம் ரூபாய்.

ஒரு ஜோக்குக்கு ஆயிரம் ரூபாய்! நாங்கள் இன்றைக்கும் அவ்வளவு கொடுப்பதில்லை. துணுக்கு எழுத்தாளர்கள் இதைப் படித்துவிட்டு யூனியன் கீனியன் என்று கிளம்ப வேண்டாம்.