யூ.எஸ். ஏர்வேஸ் விமானிகள் ஓய்வூதியத்தை இழந்தது எப்படி?
அரசுக் காப்பீடு இருந்தும் இழப்பு ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருந்தபோது, 2003 மார்ச் 31 அன்று விமானிகளின் திட்டம் கலைக்கப்பட்டு, அமெரிக்க அரசின் ஓய்வூதியப் பலன் உத்தரவாதக் கழகத்திடம் சென்றது. அக்கழகம் உறுதியளிக்கும் தொகைக்குச் சட்டப்படி உச்சவரம்பு உண்டு: அவ்வாண்டில் 65 வயதில் ஓய்வு பெறுபவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 44,000 டாலர், 60 வயதிலேயே பெறுபவருக்குச் சுமார் 28,600 டாலர் மட்டுமே. ஆனால் 60 வயதுக்கு மேல் பயணிகள் விமானத்தை ஓட்டக் கூடாதென அன்று விதித்திருந்ததும் அதே அரசுதான். என் பார்வையில் இது பெரும் அநீதி. திட்டத்தில் எஞ்சிய சொத்தைப் பங்கிடும்போது, கலைப்புக்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே ஓய்வு பெற்றவர்களுக்கும் அதற்குத் தகுதி அடைந்திருந்தவர்களுக்கும் முன்னுரிமை உண்டு என்பதால், எந்தப் பலன் அந்த முன்னுரிமை வரிசையில் சேரும் என்பது விமானிகள் கழகத்தின் மீது தொடுத்த வழக்கில் முக்கியக் கேள்வியாயிற்று. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (கொலம்பியா மாவட்டச் சுற்று) 2013இல் கழகத்தின் பக்கமே தீர்ப்பளித்தது.