பட்டன் ரோஜாவை வீட்டுக்குள்ளேயே வளர்க்க முடியுமா?

நர்சரியிலிருந்து பூவோடு வாங்கி வந்த பட்டன் ரோஜாவை ஹாலில் டிவி பக்கத்தில் வைத்ததாகவும், இப்போது இலை மஞ்சளாகிக் கொட்டுவதாகவும், மொட்டு விரியாமலே கருகுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மொட்டை மாடியும் கிடையாது, வீட்டுக்குள் வளருமா என்று கேட்கிறீர்கள்.

வளரும். ஆனால் ஹாலில் வளராது, ஜன்னலில்தான் வளரும். குட்டைச் செடி என்பதால் பலரும் இதை மணி பிளான்ட் வகையறாவில் சேர்த்துவிடுகிறார்கள். சிறுத்திருப்பது பூவும் இலையும்தான். வெயில் மட்டும் பெரிய ரோஜாவுக்கு எவ்வளவு வேண்டுமோ அதே அளவு வேண்டும். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் இலைமேல் விழ வேண்டும்.

எந்த ஜன்னல் என்பதுதான் அடுத்த கேள்வி. நான் இருப்பது சென்னை, அதை வைத்துச் சொல்கிறேன். கிழக்கு ஜன்னல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். தெற்கு ஜன்னலில் மார்கழி, தை மாதங்களில் வெயில் அறைக்குள் வரை சாய்ந்து விழும், செடி அள்ளிப் பூக்கும். ஆனால் சித்திரை நடுவிலிருந்து ஆடி முடியும் வரை நடுப்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. அதே ஜன்னலுக்கு அப்போது நேர் வெயில் வராது, இடம் மாற்றியே ஆக வேண்டும். மேற்கு ஜன்னல் என்றால் கோடையில் மட்டும் மெல்லிய துணி கட்டிவிடுங்கள். வெயிலே வராத வீட்டில் எல்இடி விளக்கை முக்கால் அடி உயரத்தில் தொங்கவிட்டு, 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம். ஒரு ரோஜாவுக்காகக் கரண்ட் பில்லா என்று வீட்டில் கேட்பார்கள், அது உங்கள் பாடு.

அடுத்த எதிரி செம்பேன். ஏசி காற்றிலும் கோடை வறட்சியிலும் இது பல்கிப் பெருகும். ஊசியால் குத்தியதுபோல் இலையில் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தால், அந்த இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசியில் ஏதாவது நகர்ந்தால் அது தூசி அல்ல, பேன். செடியைக் குளியலறைக்குத் தூக்கிப் போய், ஹேண்ட் ஷவரால் இலையின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவுங்கள். பாதிப்பேர் மேல்பக்கத்தை மட்டும் நனைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மாலையில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில துளி சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஒரு வாரத்துக்குள் மறுபடியும் செய்ய வேண்டும். இது பூச்சி இனமே இல்லை, எட்டுக்கால் சிலந்தி வகை. அதனால் கடையில் கிடைக்கிற எல்லாப் பூச்சி மருந்தும் கேட்காது.

தண்ணீர் பெரிய வித்தை இல்லை. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும், அடித்துளையில் வழியும்வரை ஊற்றிவிட்டு, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். அப்புறம், நர்சரி பாக்கெட்டில் வரும் செம்மண் பல நேரம் கல்லாக இறுகியிருக்கும். ஊற்றும் தண்ணீர் ஓரமாகவே இறங்கிவிடும், வேர் காய்ந்தே கிடக்கும். அப்படி இருந்தால் தொட்டியோடு ஒரு வாளி நீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு வடித்துவிடுங்கள்.

இப்போது உங்கள் செடிக்கு வருவோம். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த நுனிகளையும் கருகிய மொட்டுகளையும் வெட்டிவிட்டு ஜன்னலுக்கு மாற்றுங்கள், முதல் வாரம் காலை வெயில் மட்டும் போதும். உரம் எதுவும் இப்போது போடாதீர்கள். புதுத் துளிர் வந்து நாலு இலை விட்ட பிறகு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டால் சரி.