ஐந்தே ஆண்டு நடந்த பின்லாந்தின் ஐரிஸ் மட்பாண்ட ஆலை இன்றும் ஏன் பேசப்படுகிறது?

முக்கியக் காரணம் ஓர் ஓவியர். 1897-ல் சுவீடன் பிரபு லூயி ஸ்பாரே, போர்வோ ஊரில் ஐரிஸைத் தொடங்கினார். அறைக்கலன்களும் அங்கே செய்தார்கள். மட்பாண்டப் பிரிவைக் கவனிக்க பெல்ஜியத்திலிருந்து ஆல்ஃபிரட் வில்லியம் ஃபிஞ்ச் வந்தார். புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து ஓவியம் தீட்டியவர். அவருடைய ஜாடி ஒன்றை உற்றுப் பாருங்கள்: செம்மண் உடல், கெட்டியான பச்சை மெருகு, கையால் கீறிய அலைக்கோடு, நீர்க்கக் கரைத்த வெண்களிமண்ணில் வைத்த புள்ளிகள். பெரும்பாலும் அவ்வளவுதான் அலங்காரம். அந்த அடக்கம்தான் என்னைக் கட்டிப்போடுகிறது.

1900 பாரிஸ் உலகக் கண்காட்சியில், பின்லாந்து அரங்கில் ஐரிஸுக்குத் தனி அறையே இருந்தது. ஆனாலும் வியாபாரம் கைகொடுக்காமல் 1902-ல் மூடிவிட்டார்கள். ஃபிஞ்ச் ஹெல்சிங்கி கலைத்தொழில் பள்ளிக்குக் கற்பிக்கப் போனார்; பின்லாந்தின் அடுத்த தலைமுறை மட்பாண்டக் கலைஞர்கள் பலர் அவரிடம் படித்தவர்கள்.